ராத்திரி இரண்டு மணிக்கு ஜொகூர் பாருவிலிருந்து கிளம்பும்போது

ஜொகூர் பாருவில் 31 ஆண்டுகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியர், வாசகர்களின் சாலைக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, நானும் மூன்று நண்பர்களும் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வருவோம். தாமான் பெலாங்கியிலோ மவுண்ட் ஆஸ்டினிலோ பாட்டு, சாப்பாடு என்று இரண்டு மணி ஆகிவிடும். நான் குடிப்பதில்லை, அதனால் வண்டி எப்போதும் என் கையில்தான். திரும்பும்போது நகரத்து ஒருவழிப் பாதைகளில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறேன். ராத்திரியில் சிவப்பு விளக்கில் நிற்காதே, யார் இடித்தாலும் இறங்காதே என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைக் கேட்பது?
— வாசகர், ஈசூன்

பதில்: தம்பி, குடிக்காமல் மூன்று பேரை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்களே, அது பெரிய காரியம். ஆனாலும் நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்க வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? ஏழு மணிக்கு என்றால், நள்ளிரவு பன்னிரண்டுக்கே 17 மணி நேரம் விழித்திருக்கிறீர்கள். அப்படி விழித்திருப்பவரின் கண்ணும் கையும் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரைப் போலத்தான் வேலை செய்யும் என்று சோதித்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மலேசியச் சட்டத்தின் வரம்பும் அதே 50தான். ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் நீங்கள் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறீர்கள். இரண்டு மணிக்கு அதையும் தாண்டியாகிவிட்டது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என் தம்பி பதினோரு வருஷம் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்தவன். விடியற்காலை நான்கு மணிக்கு தெப்ராவ் நெடுஞ்சாலையைக் கவனித்திருக்கிறீர்களா? உங்கள் ராத்திரி முடிகிற நேரத்தில் அவர்களுடைய பகல் தொடங்குகிறது. காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க ஜாக்கெட்டை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு, ஆணும் பெண்ணுமாக ஆயிரக்கணக்கான பேர் சிங்கப்பூருக்குப் போகும் கடற்பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருப்பார்கள். 2013இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஒரு கார் பின்னாலிருந்து அவனுடைய பின்சக்கரத்தைத் தொட்டது. இடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது, தொட்டதுதான். நான் போய்ச் சேர்ந்தபோது சாலையோரத்தில் அவனுடைய சாப்பாட்டு டப்பா திறந்து கிடந்தது. நாசி லெமாக்கின் சோறு தார் ரோட்டில் வெள்ளையாகச் சிதறிக் கிடந்தது. வலது கணுக்காலில் தகடு வைத்தார்கள். இன்றுவரை அவனால் சம்மணம் போட்டு உட்கார முடியாது.

காரை ஓட்டிவந்த பையனுக்கு இருபத்துமூன்று வயதிருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், நான் குடிக்கவே இல்லை அங்கிள்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான். உண்மைதான், அவன் குடிக்கவில்லை. தூங்கிவிட்டான். நண்பர்கள் மூன்று பேரும் அவனுக்கு முன்பே தூங்கிவிட்டார்கள்.

ஆகவே பாட்டு முடிந்ததும் நேரே வண்டிக்குப் போகாதீர்கள். பக்கத்தில் திறந்திருக்கும் மாமாக் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டு) கடையில் உட்கார்ந்து ஒரு கோப்பி குடியுங்கள். அப்படியே மேசையில் தலை சாய்த்து இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். விழிக்கும்போது கோப்பியும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். இது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் தாங்காது. முன்சீட்டில் உட்காருபவர் தூங்கக் கூடாது என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கடற்பாலம் ஒரு கிலோமீட்டர்தான், ஆனால் வார இறுதியில் அதைக் கடக்க இரண்டு மணி நேரம் ஆனாலும் ஆகும். பிரேக்கில் காலை வைத்து, முன்னால் இருக்கும் சிவப்பு விளக்குகளையே பார்த்துக்கொண்டிருப்பதைப் போலத் தூக்கம் வரவழைப்பது வேறு இல்லை. நெரிசலுக்குப் பயந்து, கண் சொருகும் நேரத்தில் சிங்கப்பூருக்குப் போகும் இன்னொரு பாலமான துவாஸ் பாலத்துக்கு விரட்டவும் வேண்டாம். அது வேகமான, இருட்டான, நீண்ட பாதை.

சரி, வழிக்கு வருவோம். நகர மையத்துக்குள் ஏன் நுழைகிறீர்கள்? ஜாலான் வோங் ஆ பூக், ஜாலான் துருஸ் பக்கமெல்லாம் ஒருவழிச் சந்துகள். போதாததற்கு ரயில் கட்டுமான வேலையால் அங்கே பல தடவை பாதையை மாற்றியிருக்கிறார்கள். மவுண்ட் ஆஸ்டினிலிருந்து வந்தால் பாண்டான் சந்திப்பில் இ.டி.எல். சாலையைப் பிடித்துவிடுங்கள். 2012இல் திறந்த அந்தச் சாலை நகரத்தைத் தொடாமல் நேராகக் குடிநுழைவுக் கட்டடத்தில் கொண்டுபோய் விடும். பெலாங்கியிலிருந்து என்றால் ஜாலான் தெப்ராவ் வழியே நேரே தெற்கு. பலகையில் 'உட்லண்ட்ஸ்' அல்லது 'சிங்கப்பூரா' என்று இருக்கும், அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டடத்தை நெருங்கும்போது 'கெரெத்தா' என்று எழுதிய தடம்தான் உங்களுடையது, 'மோட்டோசிக்கால்' என்றிருப்பது மோட்டார்களுக்கு. பக்கத்தில் வந்த பிறகு தடம் மாற்ற நினைத்தால் அவர்கள் மேலேதான் ஏறுவீர்கள். அதனால் அரைக் கிலோமீட்டருக்கு முன்பே உங்கள் தடத்துக்கு வந்துவிடுங்கள்.

வழி தவறினால் தவறட்டும். பின்னால் எடுக்காதீர்கள், நடுச்சாலையில் நிறுத்தி ஃபோனைப் பார்க்காதீர்கள். அடுத்த இடதில் திரும்பி, வெளிச்சமுள்ள பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திப் பாருங்கள். ஐந்து நிமிடம் போனால் போகிறது.

சிவப்பு விளக்கில் நிற்கத்தான் வேண்டும். நிற்காதே என்று சொல்பவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. கண்ணாடியை உடைத்துப் பையைப் பறித்த சம்பவங்கள் இங்கே நடந்ததுண்டு. அதற்கு மருந்து சிவப்பைத் தாண்டுவதல்ல. பையும் பாஸ்போர்ட்டும் சீட்டில் இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் உங்கள் உடம்பில் இருக்கட்டும். பையைப் பின்பெட்டியில் வைக்கும் வேலையைச் சிங்கப்பூரிலேயே முடித்துவிடுங்கள், இங்கே வந்து நிறுத்திய பிறகு எல்லோரும் பார்க்கத் திறந்து வைக்காதீர்கள். விளக்குத் தூரத்திலேயே தெரியும், வேகத்தைக் குறைத்துப் பச்சை விழும்போது போய்ச் சேரப் பாருங்கள். நிற்க நேர்ந்தால் முன்வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடுவது உங்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நில்லுங்கள். அந்த இடைவெளி இருந்தால் எந்தப் பக்கமும் ஒடித்துப் போகலாம். முப்பது வருஷம் என் மாணவர்களுக்கு இதைத்தான் சொன்னேன்.

யாராவது பின்னால் லேசாக இடித்தால், அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக வெளிச்சமுள்ள இடத்துக்கோ காவல் நிலையத்துக்கோ ஓட்டுங்கள். விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆனால் யாருக்காவது அடிபட்டிருந்தால், மோட்டார்க்காரர் கீழே விழுந்திருந்தால், அந்த இடத்திலேயே நில்லுங்கள், 999ஐ அழையுங்கள். இறங்காதே என்று யார் சொன்னாலும் இதில் கேட்காதீர்கள்.

கேள்வி: எட்டு மணிக்கு ஆரம்பித்து நான்கைந்து பீர். பன்னிரண்டுக்கு நிறுத்தி, முகம் கழுவி, கோப்பி குடித்து, இரண்டு மணிக்கு ஓட்டினால் பிரச்சினை இருக்காதுதானே? சிங்கப்பூரில் 80 வரை விடுகிறார்களே?
— பெயர் வேண்டாம் என்றவர், உட்லண்ட்ஸ்

பதில்: நீங்கள் ஓட்டுவது ஜொகூர் சாலையில். 2020 அக்டோபரில் மலேசியா 80ஐ 50ஆகக் குறைத்துவிட்டது. முதல் தடவை பிடிபட்டாலே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, உரிமமும் போகும்.

கணக்கைப் பாருங்கள். உடம்பு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான் கழிக்கும். பன்னிரண்டு மணிக்கு நீங்கள் 100இல் இருந்தால் இரண்டு மணிக்கு 70. விடிய மூன்றரைக்குத்தான் 50க்குக் கீழே வருவீர்கள், முழுதாக இறங்க ஏழு மணி ஆகிவிடும். கோப்பியும் தண்ணீரும் அந்த 15ஐ 16 ஆக்காது. குடித்தவனைக் கோப்பி விழிக்க வைக்கும், அவ்வளவுதான். நம் ஊர் மோட்டார்க்காரர்கள் சாலைக்கு வருவதும் அந்த மூன்றரைக்குத்தான்.

சாலைத்தடுப்பில் நிறுத்தினால் உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும். பணம் நீட்டாதீர்கள், அது தனிக் குற்றம். தவறு இருந்தால் சம்மனை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில், அன்று ராத்திரி சாவியைத் தொடாதீர்கள் என்பதே.

கேள்வி: என் மகனுக்குப் போன வருஷம்தான் லைசென்ஸ் கிடைத்தது. இந்தச் சனிக்கிழமை அப்பாவின் காரில் ஜொகூர் பாருவுக்குப் போகிறானாம். தடுத்தால் பொய் சொல்லிவிட்டுப் போவான். ராத்திரி எனக்குத் தூக்கமே வராது. என்னதான் செய்ய?
— வாசகி, பூன் லே

பதில்: அம்மா, தடுக்க வேண்டாம் என்று நீங்கள் நினைப்பது சரிதான். ஓட்டும்போது மட்டும் ஃபோன் செய்யாதீர்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு வார்த்தை, உட்லண்ட்ஸ் தாண்டி ஓரமாக நிறுத்தி ஒரு வார்த்தை அனுப்பினால் போதும் என்று பேசிக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு மணி நேரம் சத்தமே இல்லாவிட்டால் பாலத்தில் நெரிசல் என்று அர்த்தம்.

அவன் கிளம்பும் முன் நீங்களே காரைப் பார்த்துவிடலாம். சிங்கப்பூரை விட்டுப் போகும் காரில் முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம். டச் அன் கோ அட்டையில் பணம் இருக்கிறதா பாருங்கள், நுழையும்போதே 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் எடுப்பார்கள். வெளிநாட்டு வண்டி மலேசியாவுக்குள் நுழைவதற்கான வி.இ.பி. அனுமதி இல்லாமல் போனால் 300 ரிங்கிட் கட்ட வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தால் நடுராத்திரியில் பெட்ரோலுக்கும் பணத்துக்கும் அலையும் வேலை இல்லை.

அப்புறம், ஓர் அறைக்கான பணத்தைத் தனியாக மடித்து அவன் கையில் கொடுங்கள். "தூக்கம் வந்தால் அங்கேயே படுத்துக்கொள், காலையில் வா, நான் ஒன்றும் கேட்க மாட்டேன்" என்று சொல்லிக் கொடுங்கள். சொன்னபடி கேட்காமலும் இருங்கள். ஏன் வரவில்லை, யாரோடு இருந்தாய் என்று மறுநாள் ஆரம்பித்தால் அடுத்த தடவை அந்தப் பணத்தைத் தொட மாட்டான், தூக்கக் கலக்கத்திலேயே ஓட்டி வருவான்.

அதைவிட நல்லது, கார் வீட்டில் இருக்க, அவன் 170ஆம் எண் பேருந்தில் போவது. திரும்புவதற்கு ஜேபி சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ரயிலும் இருக்கிறது, பாலத்தைக் கடக்க ஐந்தே நிமிடம். அப்பாவிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். சாவியைக் கொடுப்பவர் அவர்தானே.