பேரப்பிள்ளைகளோடு கடலுக்குப் போக பயமாக இருக்கிறது

கேள்வி: நான் நாகப்பட்டினம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது திருச்சியில் இருக்கிறோம். மகளும் மருமகனும் டென்மார்க்கில், கோபன்ஹேகனில் வேலை பார்க்கிறார்கள். ஜூலை கடைசியில் நானும் கணவரும் அங்கே போகிறோம். போர்ன்ஹோல்ம் என்ற தீவில் கடற்கரை ஓரமாக ஒரு வாரத்துக்கு வீடு எடுத்திருப்பதாக மகள் சொல்கிறாள். பேரனுக்கு 7 வயது, பேத்திக்கு 3. சுனாமிக்குப் பிறகு நான் கடலில் கால் வைத்ததில்லை. குழந்தைகளைத் தண்ணீரில் இறக்குவார்கள் என்று நினைத்தாலே படபடப்பாக வருகிறது. உடம்பு சரியில்லை என்று சொல்லி கோபன்ஹேகன் வீட்டிலேயே இருந்துவிடலாமா? கணவருக்கு முட்டி வலி. நாங்கள் சைவம். அங்கே எல்லோரும் அரைகுறையாக உடுத்துவார்களாமே, அதுவும் கூச்சமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போய் வாருங்கள். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் மகள் பயணத்தையே ரத்து செய்துவிட்டு உங்களை டாக்டரிடம் அழைத்துப் போவாள். உண்மையைச் சொல்லுங்கள்: "2004க்குப் பிறகு நான் கடலில் இறங்கவில்லை, எனக்கு இன்னும் பயம் போகவில்லை." டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் நடந்ததைத் தெரிந்தவர் யாரும் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். மகளுக்கு இது ஓரளவு தெரிந்தேதான் இருக்கும். உங்கள் வாயால் கேட்டால், எந்தக் கடற்கரைக்குப் போவது, யார் குழந்தைகள் பக்கத்தில் நிற்பது என்பதையெல்லாம் அதற்கேற்ப அவளே திட்டமிடுவாள்.

இனி அந்தக் கடலைப் பற்றிச் சொல்கிறேன். தெரிந்துகொண்டால் பயம் பாதியாவது குறையும்.

போர்ன்ஹோல்ம் இருப்பது பால்டிக் கடலில். நான்கு பக்கமும் நாடுகள் சூழ்ந்த, கிட்டத்தட்ட மூடிய கடல் அது. டென்மார்க்கின் தீவுகளுக்கு நடுவிலும், டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலும் உள்ள குறுகிய நீர்வழிகள்தான் அதைப் பெருங்கடலோடு இணைக்கின்றன. அதனால் ஏற்றவற்றம் என்பது அங்கே கண்ணுக்கே தெரியாது. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி உருண்டு வருகிற பேரலையும் கிடையாது. அந்தந்த நாள் காற்று எழுப்பும் அலைதான். நம் கிழக்குக் கரையில் பல இடங்களில் அலை அறைந்து திரும்பும்போது காலடி மணலையே அரித்துக்கொண்டு போகுமே, அந்த வேகத்தை அமைதியான நாளில் அங்கே பார்க்க மாட்டீர்கள். அந்தச் சுனாமி கிளம்பிய சுமாத்ராவுக்கு அருகே இருப்பதுபோல் நிலத்தட்டுகள் மோதும் எல்லையும் பால்டிக் கடலுக்கு அடியில் இல்லை. உப்பும் நம் கடலில் இருப்பதில் கால்வாசிதான் என்பதால் குழந்தைகளின் கண் எரியாது. ஆனால் உப்பு குறைவாக இருப்பதால் உடம்பு மிதப்பதும் குறைவு. மருமகனிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

தீவில் இரண்டு மணற்கரைகள் பெயர் பெற்றவை. குழந்தைகளோடு போக நான் சொல்வது பால்கா. கிழக்குக் கரையில், நெக்ஸோ என்ற ஊருக்குத் தெற்கே, வளைந்த ஒரு விரிகுடாவுக்குள் இருக்கிறது. அங்கே கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்கால், தொடை அளவிலேயே இருக்கும். அடியில் மணல், கல் குத்தாது. டென்மார்க்காரர்களே கைக்குழந்தைகளோடு வந்து நாள் முழுக்க உட்காரும் இடம் அது. உங்கள் 3 வயதுப் பேத்திக்குக் கரையோரத்தில் கணுக்கால் தண்ணீரே போதும். ஒரு வாளியும் கரண்டியும் கொடுத்தால் அவளுக்கு வேறெதுவும் வேண்டாம்.

இன்னொன்று டூயொடே, தீவின் தெற்கு முனை. அழகில் அதுதான் முதலிடம். அகலமான வெண்மணல், பின்னால் மணல்மேடுகள், அதற்கும் பின்னால் பைன் காடு. பறக்கும் மணலைத் தடுக்க நட்டு வளர்த்த காடு அது. மணல் அவ்வளவு நைசாக இருப்பதால் ஒரு காலத்தில் மணல்கடிகாரங்களில் நிரப்பவும், எழுதிய மை காயத் தூவவும் இங்கிருந்துதான் எடுத்துப் போனார்கள். 1962இல் கட்டிய 47 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம் ஒன்றும் உண்டு. ஆனால் திறந்த முனை என்பதால் காற்று அடித்தால் அலை வரும். தண்ணீருக்குள் மணல்திட்டுகள் வரிசையாக இருக்கும். நடுநடுவே ஆழமான வாய்க்கால்கள் விழுந்திருக்கும், அவற்றில் இழுப்பும் இருக்கலாம். அதனால் டூயொடேவை அமைதியான ஒரு நாளில் பார்க்கப் போங்கள், மற்ற நாட்களுக்குப் பால்காவை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் இதைக் கவனிக்க வேண்டும்: டூயொடேவில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து காட்டுக்குள்ளும் மேடுகளிலும் நடக்க மரப்பலகைப் பாதை உண்டு, அதுவரை சிரமமில்லை. பலகை முடிந்த பிறகு கால் புதையும் மணல், முட்டி வலிக்காரருக்குக் கஷ்டம். பலகை முடியும் இடத்திலேயே ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்காரட்டும்.

இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். நம்மைப் போன்றவர்கள் அலையைத்தான் பார்ப்போம். அலை இருந்தால் ஆபத்து, இல்லையென்றால் பத்திரம் என்று முடிவு செய்துவிடுவோம். பால்காவில் அது பொருந்தாது. அங்கே பெரும்பாலும் வீசுவது மேற்குக் காற்று. பால்கா கிழக்குப் பார்த்த கரை. மேற்குக் காற்று நிலத்தைத் தாண்டி வருவதால் கரையோரத் தண்ணீர் தட்டில் ஊற்றிய நீர்போல அசையாமல் கிடக்கும். ஆனால் அதே காற்று மேலே மிதப்பதையெல்லாம் கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு போகும். காற்றடைத்த மெத்தை, ரப்பர் வளையம், அன்னப்பறவை போன்ற மிதவை எல்லாமே அங்கே கடைகளில் கலர் கலராகத் தொங்கும், பேரன் கேட்பான். காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் நாளில் அதைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. அதன்மேல் படுத்திருக்கும் 7 வயதுப் பையன் சில நிமிடங்களில் ஆழத்துக்குப் போய்விடுவான், துடுப்புப் போட்டுத் திரும்ப அவனுக்குப் பலம் இருக்காது. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க ஒரு பிடி உலர்ந்த மணலை எடுத்துத் தூவினால் போதும். நாகைக் கடலோரத்தில் வளர்ந்த உங்களுக்கு யாரும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் குடும்பத்தில் காற்றைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் நீங்களாகவே இருக்கலாம். பயத்தோடு போகிறீர்கள், சரி, அந்தப் பயத்துக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கிறது.

கிழக்குக் காற்று அடித்தால் நிலைமை தலைகீழ். பால்காவில் அலை வரும். அன்றைக்கு மணல் வீடு கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோடையில் முக்கியமான கடற்கரைகளில் பகல் நேரத்தில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாகக் கொடி பறந்தால் அவர்கள் பணியில் இருக்கிறார்கள் என்று பொருள். முழுச் சிவப்புக் கொடி என்றால் யாரும் இறங்கக் கூடாது. மாலையில் கொடியை இறக்கிவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். ஆனால் ஜூலை கடைசியில் சூரியன் மறைய இரவு 9 மணி ஆகும். வெளிச்சம் இருக்கிறதே என்று குழந்தைகள் இன்னும் கொஞ்ச நேரம் என்பார்கள், அந்த நேரத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். டென்மார்க்கில் கடலில் இறங்குவதற்கு ஐந்து விதிகள் சொல்லிக்கொடுக்கிறார்கள்: நீந்தக் கற்றுக்கொள், தனியாக இறங்காதே, காற்றையும் தண்ணீரையும் கவனி, கடற்கரையைத் தெரிந்துகொள், குழந்தைகளைப் பார்வையிலிருந்து விடாதே. கடைசி விதியைப் பெரியவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நாலு பெரியவர்கள் இருக்கும் இடத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று நினைப்பதால்தான் குழந்தை தவறுகிறது. இந்த அரை மணி நேரம் அப்பா, அடுத்த அரை மணி நேரம் அம்மா என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு எண் 112. பல கடற்கரைகளில் வழியோரம் பச்சைப் பலகையில் ஒரு எழுத்தும் எண்ணும் எழுதியிருக்கும். அதைச் சொன்னால் நீங்கள் நிற்கும் இடத்தை அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். போனதும் அதை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னும் ஒரு எச்சரிக்கை உண்டு. வெயில் நீடித்து, காற்றும் அடங்கிய நாட்களில் பால்டிக்கில் நீலப்பச்சைப் பாசி பெருகும். தண்ணீர் பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் கலங்கிக் கிடக்கும். அது நச்சாக இருக்கலாம். சின்னக் குழந்தைகள் தண்ணீரை விழுங்கிவிடுவார்கள் என்பதால் அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்து பார்க்கும்போது உங்கள் பாதம் தெரியவில்லை என்றால் யாரும் குளிக்க வேண்டாம்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் பெரும்பாலும் 17 முதல் 20 டிகிரி இருக்கும். காற்று மேல்நீரைத் தள்ளிவிட்டால் அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்து, ஒரே இரவில் இன்னும் இறங்கிவிடும். டேனிஷ் குழந்தைகள் கூச்சலிட்டுக் குதிப்பதைப் பார்த்து நம் பிள்ளைகளும் குதிப்பார்கள். உதடு நீலம் பாரித்தால், பல் தந்தியடித்தால் உடனே வெளியே எடுத்து, ஈரத்துணியைக் கழற்றி, துவட்டி, ஸ்வெட்டர் போட்டுவிடுங்கள். கடற்கரையில் நிழலே இருக்காது, காற்றும் ஓயாது, அதனால் ஒரு சின்னக் கூடாரம் வாங்கிக்கொள்வது நல்லது. குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் சுடுவது தெரியாது, ஆனால் தோல் கன்றிப்போகும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் அவசியம்.

உடை விஷயம். ஆமாம், பெண்கள் மேலாடை இல்லாமல் படுத்திருப்பதைப் பார்க்க நேரலாம். டூயொடேவின் ஒதுக்குப்புறங்களில் முழுக்க உடையில்லாதவர்களையும் பார்க்கலாம். அந்த நாட்டில் அது சட்டப்படி தவறில்லை. யாரும் யாரையும் முறைத்துப் பார்ப்பதும் இல்லை. நீங்கள் சுடிதாரோடு உட்கார்ந்திருந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பேரன் கேட்டால், "இங்கே சிலருக்கு இப்படி வெயில் காயப் பிடிக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள், குழந்தை அடுத்த நிமிடம் மணலுக்குத் திரும்பிவிடும். உங்களுக்குச் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: பருத்திப் புடவையோடு தண்ணீரில் இறங்காதீர்கள். ஈரம் குடித்துக் கனக்கும், கால் சிக்கும். முழங்காலுக்குக் கீழே வரும் சிந்தெடிக் பேண்ட்டும் முழுக்கை மேல்சட்டையும் போதும்.

இறங்கத்தான் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. மணலில் உட்கார்ந்து காற்றைப் பார்ப்பதே ஒரு பொறுப்பு. ஆனால் முதல் நாளே முடிவு செய்துவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் பால்காவைப் பார்த்த பிறகு, காலை வேளையில், கூட்டமில்லாதபோது, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் அளவுக்குப் போய்ப் பார்க்கலாம். மூச்சு முட்டினால் திரும்பி வாருங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த முயற்சி வேண்டாம். கடலைப் பார்த்ததுமே அந்த நாள் கண்முன் வந்து, தூக்கம் கெட்டு, நாள்கணக்கில் வாட்டுகிறது என்றால் திருச்சியிலேயே மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, இத்தனை வருஷம் கழித்தும் பலன் தரும்.

பயணத்தில் ஒரு சங்கதி. கோபன்ஹேகனிலிருந்து பலரும் போகும் வழி, ரயிலிலோ காரிலோ ஓரசுண்ட் பாலம் கடந்து, ஸ்வீடனில் உள்ள ஈஸ்டாட் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலில் தீவின் ரோன்னே துறைமுகத்துக்கு. கப்பல் சுமார் 1 மணி 20 நிமிடம். நடுவில் ஸ்வீடன் வருவதால், ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா) கெட்டுவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம். இரண்டும் ஷெங்கன் நாடுகள், அது வெளியேறியதாகக் கணக்காகாது. ஆனால் எல்லையில் சோதனை இருக்கலாம், பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அலை உள்ள நாளில் வேகக் கப்பல் குலுக்கும், அதனால் நடுப்பகுதியில் உட்காருங்கள். அதுவும் வேண்டாம் என்றால் கோபன்ஹேகனுக்குத் தெற்கே உள்ள கோகே துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பல் உண்டு. ஐந்தரை மணி நேரம், படுக்கை அறையும் எடுக்கலாம். முட்டி வலிக்கு அதுவே மேல்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. கோடை வீடு என்றால் சமையலறை உண்டு. அரிசி, பருப்பு, பொடி வகைகள், சின்ன குக்கர் எடுத்துப் போங்கள். நெய், பால்கோவா மட்டும் வேண்டாம், ஐரோப்பாவுக்குள் பால் பொருட்கள் கொண்டுபோகத் தடை இருப்பதால் விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அங்கே கிடைக்கும் வெண்ணெய் அருமையானது, வாங்கி உருக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் மீன் சாப்பிடுவார்கள் என்றால் பால்காவுக்கு அடுத்த ஸ்னோகெபெக் கிராமத்தில் புகை போட்ட மீன் கிடைக்கும், தீவின் பேர்போன உணவு அது.

மகளிடம் இன்றே மூன்று கேள்வி கேளுங்கள். எடுத்திருக்கும் வீடு எந்தக் கரையோரம் இருக்கிறது? படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேர்த்தியா, நாம் கொண்டுபோக வேண்டுமா? கப்பலில் டிக்கெட் போட்டாயிற்றா? அங்கே ஜூலை முழுக்கப் பள்ளி விடுமுறை, கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம்.