எந்த நாணயத்தில் பட்ட கடன்?

கேள்வி: தொலைக்காட்சி விவாதம் ஒன்றில், "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் முன்னோர், அரசாங்கமும் ஒரு குடும்பந்தான், வரவுக்கு மிஞ்சிச் செலவழித்ததால் வங்குரோத்தானது" என்றார் ஒருவர். மற்றவரோ, "பற்றாக்குறையெல்லாம் ஒரு பொருட்டல்ல, கடன்பட்டாவது செலவழி என்று பிரித்தானியப் பொருளியலாளர் கெயின்ஸே சொல்லியிருக்கிறார்" என்றார். எனக்கு முன்னவர் சொன்னதே சரியாகப் படுகிறது. கெயின்ஸின் பேச்சைக் கேட்டுத்தானே 2022இல் இலங்கை நடுத்தெருவுக்கு வந்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோண்டாவில்

பதில்: இல்லை. கெயின்ஸ் சொன்னதில் பாதியைக்கூடக் காதில் போட்டுக்கொள்ளாதவர்கள் அவருடைய பெயரை மட்டும் கடன் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கடனுக்காக அவரை மறியலில் வைப்பது நியாயமல்ல. தாங்கள் மெச்சுகின்ற முன்னவரின் வாதமும் அரைகுறையானதே. விளம்பரத்துக்கும் குறுக்குப் பேச்சுக்கும் போக எஞ்சிய நேரத்தில், "பற்றாக்குறை நல்லதா, கெட்டதா? ஒரே வரியில் சொல்லுங்கள்" என்று நெறியாளர் அவசரப்படுத்தினால் இப்படிப்பட்ட பதில்கள்தான் வரும். அந்தக் கடன் ரூபாவில் பட்டதா டொலரில் பட்டதா என்ற ஒரு கேள்வியை அவர் கேட்டிருந்தால், இருவருமே சற்று நிதானித்துப் பேச வேண்டியிருந்திருக்கும்.

முதலில் குடும்பக் கணக்கை எடுத்துக்கொள்வோம். தாங்கள் வீட்டுச் செலவைக் குறைத்தால் தங்கள் ஓய்வூதியம் குறைந்துவிடாது. அரசாங்கத்தின் நிலை அதுவன்று. சுன்னாகத்தில் ஒரு வீதி வேலையைத் திறைசேரி இடைநிறுத்தினால், கொந்தராத்துக்காரர் கூலியாட்களை நிறுத்துவார். அவர்கள் பலசரக்குக் கடையில் கொப்பியில் எழுதி வாங்குவது கூடும். கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் எடுக்கும் சரக்கைக் குறைப்பார். கடைசியில் அரசாங்கத்துக்கு வரவேண்டிய வற் (பெறுமதி சேர்) வரியும் குறையும். பிரித்தானியாவில் காப்புறுதி பெற்ற தொழிலாளரில் ஐந்தில் ஒரு பங்கினர் வேலையின்றியிருந்த காலத்தில், 1931 ஜனவரியில் கெயின்ஸ் வானொலியில் பேசி, இல்லத்தரசிகள் கடைகளுக்குப் போய்ப் பொருள் வாங்க வேண்டும் என்றும், ஒவ்வொருவரும் சேமிக்கும் பணம் இன்னொருவரின் வேலையைப் பறிக்கிறது என்றும் சொன்னார். முழு நாடும் ஒரே நேரத்தில் கையை இறுக்கினால் எல்லோருடைய வருமானமும் சேர்ந்து விழும் என்பதே அவர் கண்ட விடயம். இதற்கு நம் முன்னவர் பழமொழியால் பதில் சொல்ல முடியாது.

ஆனால் அந்த வானொலிப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர் வெற்றிக்கொடி நாட்டவும் முடியாது. திறைசேரி சிக்கனம் காட்ட வேண்டிய காலம் செழிப்புக் காலமே, மந்தகாலமன்று என்று 1937இல் எழுதியவரும் அதே கெயின்ஸ்தான். போர் தொடங்கி, ஆளும் இயந்திரமும் முழுவதுமாக வேலையில் இறங்கியபின், 1940இல் அவர் வெளியிட்ட சிறு நூல், மக்கள் ஊதியத்தின் ஒரு பகுதியைப் போர் முடியும்வரை செலவழிக்காமல் கட்டாயமாகச் சேமிக்க வேண்டும் என்று கேட்டது. அவ்வாறு செய்யாவிட்டால் விலைகள் எகிறும் என்பது அவருடைய கவலை. பற்றாக்குறையை எக்காலத்துக்கும் உரிய மருந்தாக அவர் எழுதித் தந்ததில்லை.

இனி நம்முடைய கதை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் பொருளாதாரம் தளர்ந்திருந்தது உண்மை. அந்த ஆண்டு டிசம்பரில் வரிகளைக் குறைத்தவர்களுக்கு அது ஒரு சாட்டாக அமைந்தது. வற் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆயிற்று. ஆண்டு விற்பனை 12 மில்லியன் ரூபாவைத் தாண்டினால் பதிவுசெய்ய வேண்டும் என்றிருந்த எல்லை ஒரே பாய்ச்சலில் 300 மில்லியனுக்கு உயர்த்தப்பட்டது. சம்பளத்திலிருந்து மாதாமாதம் கழிக்கப்படும், உழைக்கும்போதே செலுத்தும் வரி நீக்கப்பட்டது. ஏற்கெனவே உலகில் மிகக் குறைவாக வரி திரட்டும் நாடுகளில் ஒன்றாக இருந்த இலங்கையில், வரி வருமானம் 2021ஆம் ஆண்டளவில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இடையில் கொரோனாவும் வந்து சேர, 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் பாதீட்டுப் பற்றாக்குறை 10 சதவீதத்தைத் தாண்டியது. கடன் தரப்படுத்தல் நிறுவனங்கள் நாட்டைக் கீழிறக்கியதால், அரசாங்கம் கடன்பத்திரங்களை, அதாவது முறிகளை, விற்கும் வெளிநாட்டுச் சந்தையும் மூடிக்கொண்டது. துண்டு விழுந்ததை மத்திய வங்கி அச்சிட்டு நிரப்பியது. அவ்வாறு அச்சிட்டு அது வாங்கிவைக்கும் அரச பிணையங்களின் (அரசாங்கக் கடன்பத்திரங்களின்) கையிருப்பு 2019 முடிவில் 100 பில்லியன் ரூபாவுக்கும் குறைவாக இருந்து, 2022 முடிவில் 2 ட்ரில்லியனைத் தாண்டியிருந்தது. பணம் அச்சிட்டால் பணவீக்கம் வராது என்று அந்நாட்களில் படித்தவர்களே மேடையில் சொன்னதை மறப்பதற்கில்லை.

அச்சிட்ட ரூபா எங்கே போகும்? பெற்றோல், பருப்பு, பால்மா, மருந்து என்று நாம் நாளாந்தம் வாங்குவதில் பெரும்பங்கு கப்பலில் வருவது. அதற்குக் கொடுக்க வேண்டியது டொலர். அதே வேளையில் டொலரின் விலை 200 ரூபாவளவில் பிடித்து வைக்கப்பட்டது. இதன் விளைவை யாழ்ப்பாணத்துக்கு விளக்கத் தேவையில்லை. ரொறன்ரோவிலிருந்து மகன் அனுப்பும் பணத்துக்கு வங்கி ஒரு விலையும், வங்கிக்கு வெளியே பணம் மாற்றித் தரும் உண்டியல்காரர் அதைவிடக் கணிசமாகக் கூடிய விலையும் தரும்போது, எந்தத் தாய் வங்கி வரிசையில் நிற்பாள்? உண்டியலில் வந்த ரூபா வீட்டுக்கு வந்தது. அதற்குரிய டொலரோ நாட்டுக்குள் வரவேயில்லை. வங்கிகள் வழியாக 2020இல் 7 பில்லியன் டொலருக்கு மேல் வந்த வெளிநாட்டு உழைப்புப் பணம் 2022இல் 4 பில்லியனுக்கும் கீழே போனது. இந்த நிலையிலும், 2022 ஜனவரியில் முதிர்ந்த 500 மில்லியன் டொலர் இறைமை முறியை, அதாவது அரசு வெளிநாட்டில் டொலரில் விற்ற கடன்பத்திரத்தை, ஒரு சதம் குறையாமல் கட்டிவிட்டு, ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனை இனிக் கட்ட இயலாது என்று அறிவித்தார்கள். அதன்பின் மண்ணெண்ணெய்க் கானுடன் தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் நாள் முழுக்க நின்றதையும், செப்டம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டதையும் தாங்களே கண்டிருப்பீர்கள்.

ரூபாவை அச்சிடலாம், டொலரை அச்சிட முடியாது என்பதை கெயின்ஸ் அறியாதவரா? இரு விவாதகரும் அறிந்திராத, அல்லது சொல்லாமல் விட்ட செய்தி இதுதான். 1945இல் போரில் வென்ற பிரித்தானியாவிடம் டொலர் இல்லை. பவுணை வேண்டிய மட்டும் வெளியிடும் அதிகாரம் இலண்டனுக்கு இருந்தும், நோயாளியாக இருந்த கெயின்ஸே வாஷிங்டனுக்குப் போய், மாதக்கணக்கில் பேரம் பேசி, 3,750 மில்லியன் டொலரை 2 சதவீத வட்டிக்குக் கடனாகப் பெற்றார். அந்தக் கடனின் கடைசித் தவணையை பிரித்தானியா 2006இல்தான் கட்டி முடித்தது. நாம் 2022இல் கதவைத் தட்டி, 2023 மார்ச்சில் 3 பில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் பெற்ற சர்வதேச நாணய நிதியத்தை 1944இல் வடிவமைத்தவர்களுள்ளும் அவர் ஒருவர். யப்பானின் கடன் அதன் ஆண்டு உற்பத்தியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தும் அந்நாடு விழாமல் நிற்பதற்கு, அக்கடன் யென்னில் பட்டது, அதில் பெரும்பகுதி தன் மக்களுக்கும் நிறுவனங்களுக்குமே கொடுக்க வேண்டியது என்பது முக்கிய காரணம். நாமோ 2007 முதல் டொலரில் இறைமை முறி விற்று, டொலர் உழைத்துத் தராத திட்டங்களிலும் அதைப் போட்டோம்.

 

முன்னவரின் பேச்சில் இன்னொன்றும் விடுபட்டுப்போகிறது. அளந்து போடு என்பவர் யாருடைய கையிலிருந்து அளக்கப்படுகிறது என்று சொல்வதில்லை. 1953இல் பற்றாக்குறையைக் குறைக்கவென்று பங்கீட்டு அரிசியின் விலையை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது நாடே ஹர்த்தாலில் இறங்கி, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்தது. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் அவ்வாறு எதுவும் நடக்கவில்லை. வங்கிகள் ஏற்கெனவே போதிய வரி கட்டுகின்றன என்று சொல்லி அவற்றின் முறிகளை விட்டுவிட்டு, தனியார் துறைத் தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியின் முறிகளை எடுத்தார்கள். 2025 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி தரும் புதிய முறிகளாக மாற்றச் சம்மதியாவிட்டால், நிதியின் மீதான வரி 14இலிருந்து 30 சதவீதமாகும் என்பது நிபந்தனை. கடன்பட்டவர் அரசாங்கம், கடன் கொடுத்தவர் தையல் ஆலையிலும் கடையிலும் மாதாமாதம் சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்கப்படும் தொழிலாளி. தாங்கள் விவரித்த விவாதத்தில் இந்தக் கடன் கொடுத்தவரைப் பற்றி எவரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. அரச ஓய்வூதியம் பெறும் தங்களுக்கு அந்த நிதியில் கணக்கு இருக்காது, ஆனால் தங்களிடம் படித்துத் தனியார் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களிடம் அவர்களுடைய மீதிக் கூற்றை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.