மாலத்தீவு பணக்கார நாடு என்றால் அங்கே ஏன் டாலருக்குத் தட்டுப்பாடு?

கேட்டவர் இரண்டு செய்திகளைச் சேர்த்து வைத்துக் கேட்டிருக்கிறார். தெற்காசியாவிலேயே தனிநபர் வருமானம் அதிகமுள்ள நாடு மாலத்தீவு. அதே நாடுதான் 2024-இல் கடன் தவணைகளை எப்படிக் கட்டுவது என்று தவித்து இந்தியாவின் கையைப் பிடித்தது. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாகும் என்பது கேள்வி.

நான் தூத்துக்குடிக்காரன். 2013 ஜனவரி முதல் 2019 நவம்பர் வரை வட மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளியில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் சொல்லிக்கொடுத்தேன். தீவில் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு பேர். தெற்குக் கரையிலிருந்து வடக்குக் கரைக்கு நடந்தால் இருபது நிமிடம். அந்த ஏழு வருடத்தில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த நாட்டின் அமைப்பு. தீவுகள் ஏறத்தாழ 1,190. மக்கள் குடியிருப்பவை 190-க்குள். எல்லாத் தீவுகளின் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் 300 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 300 சதுர கிலோமீட்டர், வடக்கிலிருந்து தெற்காக 870 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலில் சிதறிக் கிடக்கிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரி போகிற தூரத்தைவிட அதிகம். 2022 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 5 லட்சத்து 15 ஆயிரம். அதில் ஏறத்தாழ 1 லட்சத்து 32 ஆயிரம் பேர் வெளிநாட்டவர், அதாவது நாலில் ஒருவர். பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்கள், அடுத்து நம்மவர்கள், இலங்கைக்காரர்கள், நேபாளிகள். கட்டடம் கட்டுவது, தெரு கூட்டுவது, கடையில் நிற்பது வங்காளதேசத் தம்பிகள். பாடம் நடத்துவதிலும் ஊசி போடுவதிலும் பல இடங்களில் மலையாளிகளும் தமிழர்களும்.

மக்களில் ஐந்தில் இரண்டு பேர் தலைநகர் மாலேயில் இருக்கிறார்கள். பழைய மாலே தீவு இரண்டு சதுர கிலோமீட்டர்தான் இருக்கும். பிள்ளையின் மேல்படிப்புக்காக மாலேக்குக் குடிபோன குடும்பங்கள் அப்பாவின் சம்பளம் முழுவதையும் வாடகைக்குக் கொடுத்துவிட்டு, அம்மாவின் சம்பளத்தில் சாப்பிடுவதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். அவர்களும் தனிநபர் வருமானம் வருடத்துக்கு 12,000 டாலருக்கு மேல் என்கிற அந்தக் கணக்குக்குள் வருகிறவர்கள்தான்.

இனி காசு விஷயம். பத்தாம் வகுப்பில் ஏற்றுமதி இறக்குமதிப் பாடம் வரும்போது நான் ஒவ்வொரு வருடமும் ஒரே பயிற்சிதான் கொடுப்பேன். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், அது எங்கிருந்து வந்தது, எழுதுங்கள். அங்கே காலை உணவு பெரும்பாலும் மஸ் ஹுனி. சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசைவது. கூட ரொஷி, நம் சப்பாத்தி மாதிரி. பிள்ளைகள் எழுதுவார்கள்: மீன் நம்முடையது, தேங்காய் நம்முடையது. வெங்காயம் இந்தியா. மாவு வெளிநாடு. சீனி, பால்பவுடர், தேயிலை, அடுப்புக் காஸ், தட்டு எல்லாம் வெளிநாடு. ஒரு வருடம் ஒரு பெண் பிள்ளை வீட்டிலிருந்து உப்புப் பாக்கெட்டையே கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "சார், இது உங்க ஊர்தானே?" பின்பக்கத்தில் தூத்துக்குடி முகவரி. சுற்றிக் கடலே இருக்கிற நாட்டில் உப்பும் கப்பலில் வருகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

அவர்கள் எழுதிய அந்தப் பட்டியலில்தான் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. மீனையும் தேங்காயையும் தவிர எது வாங்கினாலும் டாலர் வேண்டும். டாலர் வருகிற வழி பெரிதாக ஒன்றுதான், சுற்றுலா. 1972-க்கு முன்னால் அதுவும் கிடையாது. அப்போது நாட்டைத் தாங்கியது மாசி. நம் ஊரிலும் இலங்கையிலும் சம்பலுக்கு இடித்துப் போடுகிறோமே, அதே மாசிக் கருவாடு. கொழும்புதான் பெரிய சந்தை. 1970-களின் தொடக்கத்தில் இலங்கை அந்நியச் செலாவணி இல்லாமல் இறக்குமதியைக் குறைத்தபோது அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1972-இல் மாலே பக்கத்துத் தீவு ஒன்றில் குரும்பா என்ற முதல் ரிசார்ட்டைத் திறந்தார்கள். இன்று வருடத்துக்கு 20 லட்சம் பயணிகள் வருகிறார்கள், சொந்த மக்கள் தொகையைப்போல் நாலு மடங்கு.

ஆனால் ரிசார்ட் ஒரு தனித் தீவு. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் அங்கே வழக்கம். விருந்தாளி விமான நிலையத்தில் இறங்கி, கடல் விமானத்தில் ஏறி, நேரே அங்கே போய்விடுவார். எங்கள் தீவின் மண்ணை மிதிக்க மாட்டார். 2009-க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்த வழி பிறந்தது. மாஃபுஷி மாதிரிச் சில தீவுகள் அதில் நன்றாக முன்னேறின. வடக்கே எங்கள் பக்கம் அந்தக் காற்று வீசவில்லை.

அதனால் ஒரே நாட்டில் இரண்டு காசு ஓடுகிறது. ரிசார்ட்டில் டாலர், தீவில் அந்த நாட்டு நாணயமான ரூஃபியா. அரசு சொல்லும் விலை ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா, 2011-இலிருந்து அதேதான். வெளியில் நான் இருந்த காலத்திலேயே 16, 17 கொடுத்து வாங்கினோம். பிறகு 18-ஐயும் தாண்டியது. என் சம்பளம் ரூஃபியாவில். வீட்டுக்கு அனுப்ப டாலர் வேண்டும். நான் கணக்கு வைத்திருந்த வங்கி மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்துதான் கொடுக்கும். மிச்சத்துக்கு, ரிசார்ட்டில் வேலை பார்க்கும் யாராவது விடுமுறைக்கு வருகிறார்களா என்று படகுத்துறையில் காத்திருப்பேன். விருந்தாளிகளின் பில்லில் சேர்த்து வாங்கும் சர்வீஸ் சார்ஜில் அவர்களுக்குக் கிடைக்கும் பங்கு டாலராகக் கையில் இருக்கும். என் பழைய மாணவர்களிடமே டாலர் வாங்கி ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். 2025 தொடக்கத்திலிருந்து சுற்றுலா நிறுவனங்கள் வருமானத்தில் ஒரு பங்கை உள்ளூர் வங்கியில் கட்டாயம் மாற்ற வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டிய சட்டம் என்பது என் எண்ணம்.

செலவுப் பக்கம் இதைவிடப் பெரியது. ஆயிரத்து நானூறு பேருக்கு ஒரு பள்ளி, ஒரு சுகாதார நிலையம், டீசலில் ஓடும் ஒரு மின் நிலையம், ஒரு படகுத்துறை, அலை அரிக்காமல் ஒரு கற்சுவர். பக்கத்துத் தீவில் ஐந்நூறு பேர். அங்கேயும் இதே எல்லாம். இப்படி 190 தடவை போட்டுப் பாருங்கள். நம் ஊரில் ஒரு நகரத்துக்குச் செய்வதை அங்கே 190 இடத்தில் தனித்தனியாகச் செய்ய வேண்டும், ஒவ்வொரு மூட்டை சிமெண்டையும் படகில் ஏற்றி இறக்கி. ஒரு ஜூன் மாத இரவில் என் வகுப்புப் பையனின் அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டு நிலைமை மோசமானது. ஸ்பீடு போட்டில் ஏற்றி குல்ஹுதுஃபுஷி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கடல் கொந்தளிப்பு. ஊரே துறையில் நின்றது. அதிகாலை தொழுகை நேரத்தில் போன் வந்தது: தாயும் பிள்ளையும் நலம். அந்தச் செலவில் அந்தக் குடும்பம் ஒரு காசு கொடுக்கவில்லை. ஆசந்தா என்ற அரசுக் காப்பீடு எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு. பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம், கொச்சி வரைக்கும் அதே காப்பீட்டில் வருவார்கள். இதை ஊதாரித்தனம் என்று எழுதுகிறவர்களைப் படிக்கும்போது எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வரும்.

சின்னத் தீவு மக்களைப் பெரிய தீவுகளுக்குக் கூட்டிவந்து குடியமர்த்தினால் செலவு குறையும் என்ற பேச்சு பல காலமாக உண்டு. 2004 சுனாமியில் அழிந்த கந்தொல்ஹுதூ தீவின் மக்களை 2009-இல் துவாஃபரு என்ற தீவில் புது வீடுகளில் குடியேற்றினார்கள். அது வேறு வழியில்லாமல் செய்தது. வழி இருக்கும்போது யாரும் அசைவதில்லை. பாட்டன் கபர் இருக்கிற மண்ணை விட்டு ஏன் போக வேண்டும் என்று கேட்பார்கள். கணக்கு வாத்தியாராக எனக்கு ஒரு பதிலும், அவர்களோடு ஏழு வருடம் மீன் சாப்பிட்டவனாக வேறொரு பதிலும் இருக்கின்றன. இரண்டாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அரசியலும் இந்தச் சிதறலிலிருந்துதான் வருகிறது. 1965 ஜூலை 26-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை. 1968-இல் சுல்தான் ஆட்சி போய்க் குடியரசு. 1978 முதல் 2008 வரை முப்பது வருடம் மவ்மூன் அப்துல் கயூம் ஒருவரே. நடுவில் 1988 நவம்பரில் மாலத்தீவுக்காரர்கள் சிலர் இலங்கைத் தமிழ் ஆயுதக் குழு ஒன்றைக் கூலிக்கு அமர்த்தி ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார்கள். இந்திய ராணுவம் போய் முறியடித்தது. நான் தமிழன் என்று தெரிந்ததும் பெரியவர்கள் முதலில் பேசுவது அதைப் பற்றித்தான், கோபமில்லாமல். 2008-இல் புது அரசியல் சட்டம், முதல் பல கட்சி அதிபர் தேர்தல், அதில் முகமது நஷீத் வென்றார். அதற்குப் பிறகு இன்றுவரை பதவியில் இருந்த எந்த அதிபரும் அடுத்த தேர்தலில் ஜெயிக்கவில்லை. 2018-இல் யாமீன் தோற்றார், 2023-இல் சாலிஹ் தோற்றார், முய்சு வந்தார்.

2023-இல் வாக்காளர்கள் 2 லட்சத்து 82 ஆயிரம். மஜ்லிஸ் என்கிற நாடாளுமன்றத்தில் 93 இடம். ஒரு தொகுதிக்குச் சராசரி மூவாயிரம் ஓட்டு. வேட்பாளருக்கு ஒவ்வொரு ஓட்டரும் முகம் தெரிந்தவர், பாதிப் பேர் சொந்தம். 2018 தேர்தலில் எங்கள் பள்ளிதான் வாக்குச்சாவடி. கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். காலையிலேயே தெருக்கோடி வரைக்கும் வரிசை. நாடு முழுக்க 89 சதவீதம் வாக்குப்பதிவு. எதிரெதிர்க் கட்சிகளின் மஞ்சள் கொடி வீடும் இளஞ்சிவப்புக் கொடி வீடும் சுவரை ஒட்டிய சுவர், உள்ளே அண்ணன் தம்பிகள். இவ்வளவு நெருக்கத்தில் ஓட்டுக் கேட்கும்போது சாலை, துறைமுகம், விமான நிலையம், அரசு வேலை என்று வாக்குறுதி கொடுக்காமல் யாரும் தப்ப முடியாது. கொடுத்த வாக்கைக் கடன் வாங்கித்தான் நிறைவேற்றுகிறார்கள். சீன நன்கொடையிலும் கடனிலும் கட்டிய, மாலேயையும் விமான நிலையத்தையும் இணைக்கும் பாலம் 2018-இல் திறந்தது. அடுத்து இந்திய நன்கொடையிலும் கடனிலும் இன்னொரு பாலம். கடன் இன்று நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியைத் தாண்டி நிற்கிறது.

இந்தியாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2014 டிசம்பர் 4-இல் மாலேயின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்துக் குழாய்த் தண்ணீர் நின்றது. விடுமுறைக்கு ஊர் வரும் வழியில் நான் அங்கே மாட்டிக்கொண்டேன். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பாட்டில் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். இந்திய விமானங்களும் கப்பலும் தண்ணீர் கொண்டுவந்தன. நான் தங்கியிருந்த வீட்டுப் பெரியம்மா தன் பங்கு இரண்டு பாட்டிலில் ஒன்றை என்னிடம் கொடுத்து, "உங்க நாட்டுத் தண்ணி, நீயும் குடி" என்றார். அதே நாட்டில் சில வருடம் கழித்து 'இந்தியாவே வெளியேறு' என்ற கோஷமும் எழுந்தது. அங்கே இருந்த இந்திய ராணுவத்தினர் 2024 மே 10-க்குள் திரும்பிவிட்டார்கள். அந்த வருடம் இந்தியப் பயணிகளும் வெகுவாகக் குறைந்தார்கள். ஆனால் அதே 2024 அக்டோபரில் டாலர் கையிருப்பு வற்றியபோது 40 கோடி டாலர் நாணய மாற்று ஏற்பாட்டுக்கு, அதாவது ரூஃபியாவைக் கொடுத்து டாலர் வாங்கிப் பிறகு திருப்பித் தரும் ஏற்பாட்டுக்கு, முய்சுவே டெல்லி வந்தார். முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம் என்று ராஜராஜன் கல்வெட்டில் வருவது இந்த நாடுதான் என்பார்கள் ஆய்வாளர்கள் பலர். பக்கத்து வீடு பெரிதாக இருந்தால் உதவியும் வரும், பயமும் வரும். இரண்டையும் புரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம்தான் என்று நினைக்கிறேன்.

இலங்கை 2022-இல் விழுந்ததுபோல் விழுமா என்றால், விழாது என்றே நம்புகிறேன். பயணிகள் வருகிறார்கள், இந்தியாவும் சீனாவும் அதை விழ விடாது. ஆனால் மானியத்தையும் அரசு நிறுவனச் சம்பளத்தையும் ஒழுங்குபடுத்தாமல் கடனைப் புதுப்பித்துக்கொண்டே போனால், முதலில் அடிபடுவது ரூஃபியாவில் சம்பளம் வாங்கும் வெளித்தீவு மனிதர்கள்தான்.

உப்புப் பாக்கெட் கொண்டுவந்த பெண் இப்போது ஒரு ரிசார்ட்டில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். போன மாதம் எங்கள் ஊர்ப் பழைய துறைமுகத்தில் மாலேக்கு வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த தோணியைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "சார், அங்க கிலோ என்ன விலை?"