கையைத் தூக்கினால் நிறுத்துவார்களா?

பல் மருத்துவர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். பல் வலியைத் தாங்கிக்கொள்ளலாம், அந்த நாற்காலியில் போய்ச் சாய்வதுதான் முடியவில்லை என்கிறார்கள். நானும் இருபது வருடத்துக்கு மேல் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறவள்தான், ஆனாலும் என் சொந்தப் பல்லுக்கு ஒருமுறை அதில் படுத்தபோது கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று எங்கள் கிளினிக் உதவியாளர் அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

*

எனக்கு 42 வயது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் செய்தார்கள். ஊசி போட்ட பிறகும் உயிர் போகிற வலி. சொன்னதற்கு, ‘இதெல்லாம் ஒரு வலியா, சும்மா இருங்கம்மா’ என்று அதட்டினார்கள். இப்போது மறுபக்கம் ராத்திரியானால் விண்விண்ணென்று தெறிக்கிறது, கிராம்பு வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். லேசர், மைக்ராஸ்கோப் என்று போர்டு வைத்திருக்கிறார்களே, அங்கே போனால் வலிக்காதா?
– வாசகி, திண்டுக்கல்

அன்றைக்கு உங்களுக்கு வலித்தது நிஜம்மா. நீங்கள் பயந்தாங்கொள்ளி என்பதால் வலித்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல்லுக்குள் வீக்கமோ சீழோ இருக்கும்போது அந்த இடத்துத் திசு அமிலத்தன்மை அடைந்துவிடும், அப்போது மரத்துப்போகும் மருந்து நரம்புக்குள் சரியாக நுழையாது. போதாததற்கு உங்களுடையது கீழ்க் கடைவாய்ப்பல். அங்கே எலும்பு கெட்டி, பல்லுக்குப் பக்கத்திலேயே ஊசி குத்தினால் மருந்து போதுமான அளவு ஊறி இறங்காது. தாடையின் பின்பக்கம் நரம்பு எலும்புக்குள் நுழைகிற இடத்தைக் குறிபார்த்துப் போட வேண்டும், கொஞ்சம் தள்ளிப் போனாலும் பலன் குறைந்துவிடும். சில பேருக்கு உதடு கட்டையாக மரத்திருக்கும், பல் மட்டும் முழித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் டிரில்லை எடுப்பதற்கு முன் பல்லின் மேல் குளிர்ச்சியான ஒன்றை வைத்து, கூசுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். கூசினால் பல்லை ஒட்டிய இடுக்கில் இன்னொரு ஊசி, அதற்கும் அடங்காவிட்டால் பல்லின் நடுவில் நரம்பு இருக்கும் பற்கூழுக்குள்ளேயே ஒரு சொட்டு, அல்லது வேறு மருந்து, இல்லையென்றால் மாத்திரை கொடுத்து வீக்கத்தைத் தணித்துவிட்டு இன்னொரு நாள். இத்தனை வழி இருக்கும்போது அதட்டுவது சிகிச்சையில் சேர்த்தி இல்லை.

நாங்கள் அதிகம் போடும் மருந்து லிக்னோகெயின். 1943-இல் ஸ்வீடனில் உருவாக்கியது, எண்பது வருடம் தாண்டியும் அதுதான் எங்களுக்கு அன்றாடச் சோறு. ஊசி குத்தும் இடத்தில் முதலில் ஜெல் தடவி ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்து, மருந்தை அவசரப்படாமல் மெதுவாக இறக்கினாலே பாதி வலி குறைந்துவிடும். இதற்கு எந்தப் புது மெஷினும் வேண்டாம், பொறுமை இருந்தால் போதும்.

புதுக் கருவிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. முன்பு கையால் திருகித் திருகிச் சுத்தம் செய்த வேர்க்குழாயை இப்போது நிக்கல்–டைட்டானியம் ஃபைல் (ஊசி மாதிரி மெல்லிய அரம்) மோட்டாரில் சுற்றி, வளைவுக்குத் தகுந்தபடி வளைந்து சுத்தம் செய்துவிடுகிறது. வேர் எங்கே முடிகிறது என்று சொல்ல ஒரு சின்ன மின்கருவி, உடனே திரையில் தெரியும் டிஜிட்டல் எக்ஸ்ரே, இதெல்லாம் சேர்ந்துதான் நாலைந்து தடவை அலைந்தது ஒன்றிரண்டு தடவையாகக் குறைந்திருக்கிறது. மைக்ராஸ்கோப்பும் நல்ல விஷயம், மேல் கடைவாய்ப்பல்லில் ஒளிந்துகொள்ளும் நாலாவது குழாயைப் பல நேரம் அதுதான் காட்டிக்கொடுக்கும். ஆனால் லேசர் என்று போர்டில் இருப்பதாலேயே ரூட் கேனல் வலிக்காது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் யோசனை இது. போகும் முன் போன் செய்து, ‘எனக்குப் பயம் ஜாஸ்தி, நடுவில் கையைத் தூக்கினால் நிறுத்துவீர்களா?’ என்று கேளுங்கள். எடுக்கிற பெண் என்ன பதில் சொல்கிறாள் என்பதைக் கவனியுங்கள். ‘அதெல்லாம் டாக்டர்கிட்ட கேளுங்க’ என்று டொக்கென்று வைத்தால் ஒரு கணக்கு, ‘வாங்கம்மா, முதல் நாள் சும்மா பார்த்து எக்ஸ்ரே மட்டும் எடுத்துக்கலாம்’ என்றால் வேறு கணக்கு. எத்தனை தடவை வர வேண்டும், கேப்போடு (பல்லின் மேல் மாட்டும் உறை) சேர்த்து மொத்தம் எவ்வளவு என்பதையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல் கேப் போடாமல் விட்டால் ஒருநாள் முறுக்கு கடிக்கும்போது பிளந்துவிடும். அப்புறம் அந்தக் கிராம்பு, தற்காலிகமாக மரத்துப்போகச் செய்யும்தான், ராத்திரி முழுக்க ஈறில் அழுத்தி வைத்தால் ஈறு வெந்துவிடும். திடீரென்று வலி தானாக நின்றுவிட்டால் சாமிக்குத் தேங்காய் உடைக்கப் போய்விடாதீர்கள், உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கலாம்.

*

அப்பாவுக்கு 68 வயது. மேல் பல் ஒன்றை எடுக்கச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று வர மறுக்கிறார். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்.
– வாசகர், திருநெல்வேலி

இந்த ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதிலை எல்லாம் சேர்த்தால் தனிப் புத்தகமே போடலாம். பார்வைக்கான நரம்பு வேறு, மேல் பல்லுக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு வேறு. மண்டை நரம்புகளில் அது இரண்டாவது, இது ஐந்தாவதின் கிளை. ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடு, ஆனால் வேறு வேறு கரண்ட் கம்பி என்று அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். பல் ஆடுகிற வயதும் கண்ணில் புரை விழுகிற வயதும் ஒன்றாக இருப்பதால் பழி பல்லின் மேல் விழுந்துவிட்டது என்பது என் ஊகம். உண்மையில் மேல் பல்லில் சீழை வளர்த்துக்கொண்டே போனால்தான் ஆபத்து, அது கண்ணைச் சுற்றி வீக்கமாக ஏறியவர்கள் உண்டு. ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், பெரும்பாலும் அதை நிறுத்தாமலேயே பல்லை எடுத்து, தையல் போட்டு, பஞ்சு கடிக்க வைத்து ரத்தத்தை நிறுத்திவிடலாம். சாப்பிடுகிற எல்லா மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டு போங்கள்.

*

ஐந்து வயது மகளுக்குப் பால் பல்லில் நாலு சொத்தை. விழப்போகிற பல்தானே என்று மாமியார் சொல்கிறார். கிளினிக் வாசலிலேயே அலறுகிறாள், உள்ளே போகவே முடியவில்லை.
– வாசகி, கும்பகோணம்

மாமியாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் பின்பக்கத்துப் பால் பற்கள் பத்து, பதினோரு, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. இன்னும் அஞ்சாறு வருடம் அதில்தான் அவள் மெல்ல வேண்டும். அதுவரை சொத்தை சும்மா உட்கார்ந்திருக்காது.

அலறல் விஷயத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், வீட்டில் யாராவது ‘சாப்பிடலைன்னா டாக்டர் ஊசி போட்டுடுவாங்க’ என்று சொல்லிச் சோறு ஊட்டுகிறீர்களா? எங்களை அடியாள் மாதிரி ஆக்கிவிட்டு, பிறகு அதே ஆளிடம் வாயைத் திற என்றால் எந்தக் குழந்தை திறக்கும்? ‘வலிக்காதுடா செல்லம்’ என்பதும் வேண்டாம், குழந்தையின் காதில் ‘வலி’ மட்டும்தான் விழும். எங்கள் அக்கா குழந்தைகளிடம் எச்சில் உறிஞ்சும் குழாயை யானைத் தும்பிக்கை என்பார். முதலில் சொல்லுவார், பிறகு அதன் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார், அதற்கு அப்புறம்தான் வாய்ப் பக்கமே கொண்டு போவார். முதல் நாள் நாற்காலியில் மேலும் கீழும் ஒரு சவாரி, அவ்வளவுதான், வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இதற்கு இரண்டு மூன்று தடவை நடக்க வேண்டியிருக்கும். தூக்கக் கலக்கமான சாயங்காலம் வேண்டாம், காலையில் அழைத்துப் போங்கள்.

சொத்தை ஆழமாகப் போகாமல் இருந்தால் டிரில் இல்லாமலேயே ஒரு வழி உண்டு. சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைச் சொத்தையில் தொட்டு வைத்தால் பெரும்பாலும் அது பரவுவது நின்றுவிடும், அடுத்தடுத்த வருகைகளில் திரும்ப வைக்க வேண்டியிருக்கலாம். ஒரே குறை, அந்த இடம் கறுத்துப்போகும். பின் பல் என்றால் யார் பார்க்கப் போகிறார்கள்! ஆனால் இதை உங்களிடம் முன்கூட்டியே படம் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும். வைத்த பிறகு, ‘ஐயோ கறுப்பா ஆயிடுச்சே’ என்று அம்மா அழுவதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், பட்டாணி அளவு போதும், விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் முழுக்க வேண்டாம். ராத்திரி பல் தேய்த்த பிறகு பால் கிடையாது.

*

தர்மபுரி மாவட்டம் எங்களுக்கு. மகளுக்கு 19 வயது, முன் பற்களில் பழுப்புக் கறை. வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். எட்டு பல்லுக்கும் கேப் போட்டுவிடலாம் என்று ஓர் இடத்தில் சொல்கிறார்கள்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

ஐயா, கொஞ்சம் பொறுங்கள். இது அவள் ஒழுங்காகத் தேய்க்காததால் வந்தது கிடையாது, அதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். உங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். சிறு வயதில், எனாமல் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தண்ணீரைக் குடித்ததால் பதிந்த கறை. அதற்காகத்தான் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-இல் அது தொடங்கியபோது உங்கள் மகள் சின்னக் குழந்தையாக இருந்திருப்பாள். (மேலே பேஸ்டில் ஃபுளோரைடு நல்லது என்றேன், இங்கே தண்ணீரில் கெட்டது என்கிறேன். அளவுதான் விஷயம். உப்பு மாதிரி.)

கேப் போட வேண்டுமென்றால் நல்ல பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும், ராவிய எனாமல் திரும்ப வளராது. 19 வயதில் எட்டுப் பல்லை ராவச் சொன்னால் நான் என் மகளுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். கறை மேலோட்டமாக இருந்தால் மெல்லிய அமிலப் பசையோடு மேல்பரப்பை லேசாகத் தேய்த்து எடுக்கலாம், கூடவே ப்ளீச்சிங் செய்யலாம். அதற்கும் மறையாத இடத்தில் பல் நிறக் காம்போசிட் பூசலாம், அது சில வருடங்களில் திரும்பப் பூச வேண்டி வரும், பரவாயில்லை. இன்னும் அழுத்தமான கறைக்கு முன்பக்கம் மட்டும் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு இருக்கிறது, வெனியர் என்பார்கள், அதற்குக் கொஞ்சம்தான் தேய்க்க வேண்டும். எதுவானாலும் ஒரு பல்லில் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள், கண்ணாடியை அவள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். முடிவு அவளுடையதாக இருக்கட்டும், பெண் பார்க்க வருகிறவர்களுடையதாக வேண்டாம்.

*

சர்க்கரை இருக்கிறது, வயது 57. கீழே இரண்டு பல் எடுத்தாகிவிட்டது. இம்ப்ளான்ட் ‘மூன்றே நாளில்’ என்று விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா?
– வாசகர், ஆவடி

இம்ப்ளான்ட், அதாவது போன பல்லுக்குப் பதில் எலும்புக்குள் பொருத்தும் டைட்டானிய வேர், அதன் கதை சுவையானது. பிரேன்மார்க் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் 1952-இல் முயல் எலும்புக்குள் டைட்டானியக் கருவி ஒன்றை வைத்துச் சோதித்துவிட்டுத் திரும்ப எடுக்கப் பார்த்தால் வரவில்லை, எலும்பு அதோடு ஒட்டிப்போயிருந்தது. 1965-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார், அந்த நோயாளி 2006-இல் இறக்கும் வரை அவற்றோடுதான் சாப்பிட்டார். அந்த ஒட்டுதலுக்கு எலும்பு வழக்கமாகச் சில மாதம் கேட்கும். மூன்று நாளில் பல் வைப்பது சிலருக்குச் சரிப்படும், எல்லாருக்கும் இல்லை, அதை உங்கள் எலும்பின் ஸ்கேனைப் பார்த்துச் சொல்ல வேண்டும், விளம்பரத்தைப் பார்த்து இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் தாராளமாகச் செய்யலாம், மூன்று மாதச் சராசரி பரிசோதனையைக் கேட்காமல் தேதி கொடுக்கிற இடத்தில் எனக்கு நம்பிக்கை வராது. சிகரெட்டுப் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பல் போன இடத்தைப் பாலம் மாதிரி நிரப்பும் பிரிட்ஜ் என்றால் இரண்டு பக்கத்து நல்ல பற்களையும் ராவ வேண்டும், கழற்றி மாட்டும் செட் மலிவு, ஆனால் பழக நாளாகும். செலவுதான் தடை என்றால் பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள், சென்னையில் அரசுக் கல்லூரி 1953-லிருந்தே இருக்கிறது. நேரம் கூடுதலாக ஆகும், பேராசிரியர் மேற்பார்வை இருக்கும். எங்கே பொருத்தினாலும் அந்த இம்ப்ளான்டின் கம்பெனி, அளவு எழுதிய ஸ்டிக்கரை வாங்கி ஃபைலில் ஒட்டி வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் ஒரு திருகு தளர்ந்தால் அந்தச் சின்னத் தாள்தான் உதவும்.

*

பல் சுத்தம் செய்தால் பல் ஆடுமா? – வாசகர், சிவகாசி

ஆடாது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லை, அதில் படிந்து இறுகிய காரைதான் சிமெண்ட் மாதிரி பிடித்து வைத்திருந்தது, அதை எடுத்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

*

பல் கிளினிக்கில் உதவியாளராக மூன்று வருடமாக இருக்கிறேன். ஊசி போடும்போது பயப்படுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொள்வேன். ‘வேலையைப் பார், அதெல்லாம் தேவையில்லை’ என்று கண்டிக்கிறார்கள். நான் செய்வது தப்பா டாக்டர்?
– வாசகி, ஈரோடு

தப்பே இல்லை தங்கச்சி. ஒன்று மட்டும், அந்த நேரத்தில் கையில் கிளவுஸ் இருந்தால் பிடித்த பிறகு மாற்றிவிட்டுத்தான் கருவியைத் தொட வேண்டும், அவர்கள் கண்டிப்பதற்கு அது காரணமாக இருந்தால் நியாயம்தான். கிளவுஸை மாற்ற நேரமில்லாதபோது தோளில் முழங்கையை லேசாக வைத்துக்கொள், ‘பத்து எண்ணுங்க, முடிஞ்சிடும்’ என்று காதருகில் சொல், நீயும் கூடவே எண்ணு. ஊசி போடுகிற நேரத்தில் எனக்கு நோயாளியின் வாய்தான் தெரியும். அவர் கால் விரல்களை மடக்குவதும் கண் ஓரம் நனைவதும் எதிரில் நிற்கிற உனக்குத்தான் முதலில் தெரியும். அதைப் பார்த்ததும் எங்கள் அக்கா என்னிடம் ‘டாக்டர், ஒரு நிமிஷம்’ என்பார். நான் நிறுத்திவிடுவேன்.