சார்ஜ் நிற்காத போனும் ஜாப் ஷீட்டில் போட்ட கையெழுத்தும்

கேள்வி: தீபாவளி ஆஃபரில் 21,999 ரூபாய்க்கு இ.எம்.ஐ.யில் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினேன். ஜனவரியிலிருந்தே சார்ஜ் நிற்பதில்லை. காலையில் நூறில் எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் இருபதுக்கு வந்துவிடுகிறது. கடைக்கு இரண்டு முறை அலைந்தேன். கவுன்டரில் இருந்த பையன் போனைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், "ரீல்ஸ் பாக்குறதக் கொறைங்கக்கா" என்று சிரித்தான். மார்ச்சில் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். எல்லாவற்றையும் அழித்து, சாஃப்ட்வேர் ஏற்றிக் கொடுத்தார்கள். மகளின் ஆண்டு விழாப் படங்கள் போய்விட்டன. பத்தே நாளில் மறுபடி அதே கதை. இப்போது ஜூன். அக்கா மகன் 1,200 ரூபாயில் வெளியே பேட்டரி மாற்றித் தருகிறேன் என்கிறான். மாற்றிக்கொண்டு, மிச்ச இ.எம்.ஐ.யை நிறுத்திவிட்டு, கடைமீது 5 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? - வாசகி, திண்டுக்கல்.

பதில்: அம்மா, கடைப் பையன் சிரித்ததை விட்டுவிடுங்கள். உங்களுக்கு வலித்தது நியாயம்தான். ஆனால் மரியாதையில்லாமல் பேசியதற்கு நுகர்வோர் ஆணையத்தில் தனியாக ஒன்றும் கிடைக்காது. படங்கள் போனதும் அப்படித்தான். 'பேக்கப் எடுப்பது வாடிக்கையாளர் பொறுப்பு' என்ற வரி, போனை வாங்கிக்கொண்டு சர்வீஸ் சென்டரில் எழுதித் தரும் ஜாப் ஷீட்டின் பின்பக்கத்தில் பெரும்பாலும் இருக்கும், கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கும்.

உங்கள் வழக்கில் கேள்வி ஒன்றுதான்: வாரண்டிக்குள் இந்தக் குறையைச் சொன்னீர்கள், அது சரியாகவில்லை என்பதற்குக் காகிதம் இருக்கிறதா? போனுக்கு ஒரு வருடம், பேட்டரிக்கு மட்டும் ஆறு மாதம் என்று வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. வாரண்டி அட்டையைப் பாருங்கள். ஆறு மாதம் என்றால் அது ஏப்ரலோடு முடிந்துவிட்டது. கடைக்கு இரண்டு முறை நடந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. உங்களைக் காப்பாற்றப்போவது அந்த மார்ச் மாத ஜாப் ஷீட் மட்டுமே.

அதை இப்போதே எடுத்துப் படியுங்கள். மேலே வாடிக்கையாளர் சொன்ன புகார் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது' என்று இருந்தால் நல்லது. 'சாஃப்ட்வேர் அப்டேட்' என்று மட்டும் எழுதியிருந்தால், நீங்கள் பேட்டரிப் புகாரே கொடுக்கவில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். டெலிவரி எடுக்கும்போது 'குறை சரிசெய்யப்பட்டது, திருப்தி' என்ற வரிக்குக் கீழே கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அவசரத்தில் எல்லோரும் போடுவதுதான். போட்டிருந்தாலும் வழக்கு செத்துவிடாது. பத்து நாளில் திரும்பவும் வந்துவிட்டது என்று அன்றே ஒரு மெயில் அனுப்பியிருந்தால் தெம்பாக இருந்திருக்கும். பரவாயில்லை, இன்று அனுப்புங்கள்.

இனி நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகன் கையில் போனைக் கொடுக்காதீர்கள்.

குறை பார்வைக்குத் தெரியாத பொருள் என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி ஆணையம் அதை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். வெளியே பேட்டரி மாற்றிய பிறகு ஆய்வகம் எதைப் பார்க்கும்? 1,200 ரூபாய்ப் பேட்டரியைப் பார்க்கும். சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். உங்கள் கதையேதான். பேட்டரி உப்பிப்போய், பின்மூடி ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. கண்ணால் பார்த்தாலே தெரியும் குறை அது! பரீட்சை நேரம், போன் இல்லாமல் முடியாது என்று பஜாரில் கொடுத்து மாற்றிவிட்டார். பழைய பேட்டரியைக் கடைக்காரர் குப்பையில் போட்டுவிட்டார். கம்பெனியின் பதில் மனு இரண்டே வரி: 'அங்கீகாரம் இல்லாத ஆள் போனைத் திறந்திருக்கிறார். வாரண்டி செல்லாது.' உள்ளே ஸ்க்ரூ மேல் இருந்த ஸ்டிக்கர் கிழிந்திருந்ததைப் படம் எடுத்துச் சேர்த்திருந்தார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இ.எம்.ஐ.யையும் நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்தது பைனான்ஸ் கம்பெனி. போன் கெட்டது அவர்களுக்குத் தவணை கட்டாமல் இருக்கக் காரணமாகாது. அபராதம் ஏறும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண் கெடும், நாளைக்கு நகைக்கடன், வீட்டுக்கடன் என்று போய் நிற்கும்போது இது முன்னால் வந்து நிற்கும். அந்தப் பையனை வீடியோ எடுத்துப் போட்டுவிடலாமா என்ற எண்ணம் இருந்தால் அதுவும் வேண்டாம். புகார் கொடுத்தவரே அவதூறு நோட்டீஸுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மெயில் அனுப்பும் முன் ஒரு சோதனை. போனை சேஃப் மோடில் போட்டு ஒரு நாள் வையுங்கள். நீங்கள் ஏற்றிய ஆப் எதுவும் அதில் ஓடாது. அப்போதும் சார்ஜ் இறங்கினால், 'ரீல்ஸ் பார்க்கிறீர்கள்' என்ற வாதத்துக்கு வேலையில்லை. இரவு ஏரோபிளேன் மோடில் போட்டு, படுக்கும்போது எத்தனை, எழுந்ததும் எத்தனை என்று இரண்டு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மாறாக, சேஃப் மோடில் சார்ஜ் நின்றால் ஏதோ ஓர் ஆப்தான் தின்கிறது. ஏரோபிளேன் மோடில் மட்டும் நின்றால், வீட்டில் டவர் சரியாக எடுக்காமல் போன் தேடிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். இவைதான் காரணம் என்றால் வழக்கே இல்லை. அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

5 லட்சம் கிடைக்காது. 22,000 ரூபாய் போனுக்கு நான் பார்த்தவரை பேட்டரி மாற்றம், அல்லது போன் விலை, அதோடு சில ஆயிரம் இழப்பீடு, செலவுத்தொகை, அவ்வளவுதான். 5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, உங்கள் ஊரிலேயே போடலாம், இரண்டு வருடம் அவகாசமும் இருக்கிறது. ஆனால் சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைத் தாண்டி இழுக்கும். அதுவரை இந்த போனை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? அதனால் சமாதானமாகப் போங்கள் என்பதே என் யோசனை. கடையை மட்டும் பிடித்துத் தொங்காமல், கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு ஜாப் ஷீட்டையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் இணைத்து, இலவசமாக பேட்டரி மாற்றித் தரும்படி பதினைந்து நாள் கெடு கொடுத்து எழுதுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனிலும் பதிவு செய்யுங்கள். மாற்றித் தர ஒப்புக்கொண்டால் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரி மாற்றியதாக ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லி, உங்கள் கையெழுத்துக்கு மேலே 'பெற்றுக்கொண்டேன், இன்னும் சோதிக்கவில்லை' என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். மறுத்தால் கடை, சர்வீஸ் சென்டர், கம்பெனி மூவரையும் சேர்த்து மனு போடலாம்.

அப்புறம், கடையில் கொடுத்த பில் வழவழப்பான தெர்மல் தாளில் இருந்தால் இன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். வெயில் காலம் முடிவதற்குள் எழுத்து மங்கிவிடும்.