உணவு தயாரிக்கும் ஒரு நிறுவனம் ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளோடு தன் தொழிலை எப்படிப் பொருத்திக்கொள்வது?

இதைக் கேட்பவர் எந்த நிலையில் இருப்பார் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஆண்டறிக்கைக்குப் பத்து நாள் இருக்கும்போது மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து, "பதினேழு இலக்குல நமக்கு எதெல்லாம் பொருந்தும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றிருப்பார். எனக்கும் அப்படித்தான் வந்தது. நான் தக்காளி விழுதும் பழக்கூழும் தயாரிக்கும் ஆலையில் உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். சுற்றுச்சூழல் படித்தவன் அல்ல. "ஒரே ஓர் ஆலையை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்காதே" என்று யாராவது எழுத வந்தால், சரி, ஒத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்தது இந்த ஆலைதான்.

முதல் வருடம் நான் செய்தது வெட்கக்கேடு. இலக்குகளுக்கான பதினேழு வண்ணச் சதுரங்களையும் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதினேன். உணவு தயாரிக்கிறோம், ஆகவே 2. பெண்கள் வேலை பார்க்கிறார்கள், ஆகவே 5. மரம் நட்டோம், 15. கடலுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, 14-க்கும் ஏதோ எழுதினேன். பாராட்டு கிடைத்தது.

அப்புறம் எங்களிடம் வாங்கும் பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா ஆய்வுக்கு வந்தார். பொறுப்பான நுகர்வு, உற்பத்தி என்ற 12-ஆம் சதுரத்தில் விரலை வைத்து, "12.3-ன்னு போட்டிருக்கீங்களே, போன வருஷம் எத்தனை டன் வீணாச்சு?" என்றார். வந்த தக்காளி எவ்வளவு, வெளியே போன டிரம் எத்தனை என்று சொல்ல முடிந்தது. நடுவில் போனதைச் சொல்ல முடியவில்லை. கழித்துப் பார்த்தால் வந்துவிடாதா என்பீர்கள். வராது. தக்காளியில் ஏறக்குறைய 95% தண்ணீர். விழுதாகும்போது அதில் பெரும்பகுதி ஆவியாகப் போகிறது. ஆவியானதையும் வீணானதையும் பிரிக்க வேண்டுமானால் திடப்பொருளைக் கணக்கிட வேண்டும், அதாவது அதில் கரைந்திருப்பது எத்தனை சதவீதம் என்று காட்டும் பிரிக்ஸ் அளவைப் பார்க்க வேண்டும்.

12-ஆம் இலக்கின் உட்குறிக்கோளான அந்த 12.3 என்ன சொல்கிறது என்பதையே நான் அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். 2030-க்குள் பாதியாகக் குறைக்கச் சொல்வது கடைகளிலும் நுகர்வோரிடமும் வீணாகும் உணவை. உற்பத்தியிலும் விநியோகத்திலும் ஏற்படும் இழப்புக்கு "குறைக்க வேண்டும்" என்பதோடு சரி, அளவு கிடையாது. அந்த அளவை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். நானோ "பாதியாக்குவோம்" என்று எழுதியிருந்தேன், எதில் பாதி என்று தெரியாமலே.

சரி, எடை போடலாம் என்று இறங்கினோம். இரண்டு வாரம், ஷிப்டுக்கு ஷிப்ட். ஒரு சரக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது குழாயில் தங்கிய விழுதைத் தண்ணீர் விட்டுத் தள்ளுவோம். முதலில் கெட்டியாக வரும், பிறகு சாறு மாதிரி, கடைசியில் வெளிர் சிவப்புத் தண்ணீர். பதினைந்து வருடமாக அது என் கண் முன்னால் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை டிரம்மில் பிடித்து பிரிக்ஸ் பார்த்தால், முதல் டிரம் ஏறக்குறைய விற்கிற சரக்கு! தோலும் விதையும்தான் பெரிய இழப்பு என்று நான் நினைத்திருந்தேன். அது கால்நடைத் தீவனத்துக்குப் போகிறது, இந்தக் கணக்கில் இழப்பாகவே வராது. சரக்கு மாற்றும் வரிசையைத் திருத்தினோம், வெளிர் நிறச் சரக்கு முதலில், அடர் நிறம் பிறகு. முதல் டிரம்மைத் தனியாகப் பிடித்து அதே சரக்கின் அடுத்த ஓட்டத்தில் சேர்த்தோம், அதற்குத் தரப்பிரிவு ஒப்புதல் வாங்கவே ஒரு மாதம் ஆனது. கழுவும் தண்ணீர் குறைந்தது, கழிவுநீர்த் தொட்டியின் சுமையும் குறைந்தது. 6-ஆம் இலக்கான தண்ணீரைப் பற்றி எழுத அதன்பிறகுதான் எங்களிடம் உண்மையான விஷயம் இருந்தது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: இரண்டு மூன்று இலக்கு போதும். பதினேழு இலக்குகளும் 2015-ல் அரசுகள் ஏற்றுக்கொண்டவை, அவற்றின் கீழ் 169 உட்குறிக்கோள்கள் உண்டு. நிறுவனங்களை நேரடியாகக் குறிப்பிட்டுப் பேசுவது 12.6. நீடித்த முறைகளைக் கடைப்பிடித்து அதை அறிக்கையிலும் காட்டும்படி நிறுவனங்களை ஊக்குவிக்கச் சொல்கிறது. உங்கள் குழாயில், பாய்லரில், கூலிப் பதிவேட்டில் எது தொடுகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் ஆலைக்குள்ளேயே நின்றுவிடாதீர்கள். உணவுத் தொழிலில் கரியமிலக் கணக்கின் பெரும்பகுதி வயலிலும் தொழுவத்திலும்தான் இருக்கும், இப்படி நம் ஆலைக்கு வெளியே, சரக்கு வரும் வழியிலும் போகும் வழியிலும் உண்டாகும் உமிழ்வை ஸ்கோப் 3 என்பார்கள். உலகில் எடுக்கப்படும் நன்னீரில் சுமார் 70% விவசாயத்துக்கே போகிறது. விவசாயியிடம் உரம், தண்ணீர் விவரம் கேட்கப் போகும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: அவருக்குப் பணம் தாமதமாகக் கொடுத்துவிட்டு படிவம் மட்டும் நிரப்பச் சொன்னால் நிரப்ப மாட்டார். நானாக இருந்தாலும் நிரப்ப மாட்டேன்.

இதோடு தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. இரவு ஷிப்டில் டிரம் பிடித்து எடை போட்ட நான்கு பேரின் பெயர் அறிக்கையில் எங்குமே இல்லை. ஸ்லைடு போட்டவருக்குப் பதவி உயர்வு. அட்டையில் இணையத்தில் வாங்கிய ஒரு படம்: கையுறை இல்லாத ஒரு கை, விரலில் மோதிரத்தோடு, தக்காளியைப் பிடித்திருக்கிறது. எங்கள் ஆளாக இருந்தால் அந்தக் கோலத்தில் நான் வாசலைத் தாண்டவே விட்டிருக்க மாட்டேன்.