குப்பைக் கிடங்கு அருகே போர் தண்ணீர்: காய்ச்சினால் போதுமா?

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து சுமார் 300 மீட்டரில் நகரத்தின் திறந்தவெளிக் குப்பைக் கிடங்கு இருக்கிறது. போர் தண்ணீர் இறைத்தவுடன் தெளிவாகத்தான் வருகிறது. குடத்தில் இரவு வைத்தால் காலையில் அடியில் செம்மண் மாதிரி படிகிறது. டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்தவர், பயப்பட வேண்டாம் என்றார். அதை 20 நிமிடம் காய்ச்சித்தான் 4 மாதக் குழந்தைக்குப் பவுடர் பால் கலக்கிறேன், தாய்ப்பாலும் கொடுக்கிறேன். 3 வயது மகள் எப்போதும் வாசல் மண்ணில் விளையாடுகிறாள். இந்தத் தண்ணீர் போதுமா, டாக்டர்?

பதில்: போதாது அம்மா. முதலில், அந்தத் தண்ணீரில் பால் கலப்பதை இன்றே நிறுத்துங்கள். குழந்தைக்கு நம்பகமான வேறு தண்ணீர் தேடுங்கள். தாய்ப்பாலை எவ்வளவு கூட்ட முடியுமோ கூட்டுங்கள். தாய் குடிக்கும் நீரிலுள்ள நைட்ரேட் என்ற உப்பு (அதன் ஆபத்தைக் கீழே சொல்கிறேன்) பாலில் மிகக் குறைவாகவே இறங்கும்.

காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் உங்கள் கவலை கிருமி மட்டுமல்ல. மழைநீர் குப்பை வழியே இறங்கும்போது அதில் கரைவதையெல்லாம் இழுத்துக்கொண்டு கறுப்புச் சாறாக நிலத்துக்குள் போகிறது. அந்தச் சாறு நிலத்தடி நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால், மண்ணிலிருக்கும் இரும்பும் மாங்கனீசும், சில இடங்களில் ஆர்சனிக்கும் நீரில் கரைகின்றன. இறைத்த தண்ணீர் காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகப் படிகிறது. உங்கள் குடத்தின் அடியில் படிவது பெரும்பாலும் அதுதான். சில ஊர்களில் இது இயற்கையாகவும் வரும். ஆனால் பக்கத்தில் கிடங்கு இருக்கும்போது அப்படி எண்ணி விட்டுவிட நான் துணிய மாட்டேன்.

சாற்றிலுள்ள அமோனியா, காற்றோட்டமுள்ள மண்ணைச் சேர்ந்தால் நைட்ரேட்டாக மாறும். காய்ச்சக் காய்ச்ச நீர் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே தங்கும். நீங்கள் 20 நிமிடம் காய்ச்சுவது அதன் அடர்த்தியைக் கூட்டத்தான் செய்கிறது. 6 மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு அது ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடலாம். உதடும் நகமும் நீலமோ சாம்பலோ பூத்திருந்தால், குழந்தை சோர்ந்து கிடந்தால், காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், என்ன தண்ணீர் கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

மீட்டர் விஷயம். டி.டி.எஸ். என்பது கரைந்த உப்புகளின் மொத்தக் கணக்கு. லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் அந்த மீட்டர் காட்டும் மிகச்சிறிய படி. குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவோ 0.01 மில்லிகிராம், அந்தப் படியில் நூறில் ஒரு பங்கு. மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்: நைட்ரேட், அமோனியா, குளோரைடு, இரும்பு, மாங்கனீசு, ஈயம், காட்மியம், ஆர்சனிக், ஈ.கோலை (மலக்கிருமி) என்று பெயர் சொல்லியே கேளுங்கள். பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்குங்கள். வறண்ட காலத்தில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை பார்ப்பது நல்லது, அளவுகள் மாறும். ஆர்.ஓ. இவற்றில் பலவற்றை நன்றாகக் குறைக்கும்; ஆனால் அதன் சவ்வு பழசானால் சரியாக வடிகட்டாது, அதனால் வடித்த தண்ணீரையும் சோதியுங்கள்.

உங்கள் மகளைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. பழைய பேட்டரி, பெயிண்ட், மின்னணுச் சாமான்களின் ஈயம் மண்ணில் தங்கிவிடும். குப்பை எரியும்போது புகையோடும் தூசியோடும் வந்து படியும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைவிடச் சிறு குழந்தைகள் பல மடங்கு உறிஞ்சுகிறார்கள், சிலசமயம் பாதி வரைகூட. இரும்புச்சத்து குறைவாக இருந்தால் இன்னும் மோசம். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. படிப்பும் கவனமும்தான் மெல்ல அடிவாங்கும். எனவே அவளுக்கு ரத்தத்தில் ஈய அளவும் ஹீமோகுளோபினும் பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் வந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

வெறும் மண்ணில் விட வேண்டாம். பாய் விரித்தோ, வேறிடத்து மண் கொட்டியோ விளையாட விடுங்கள். சாப்பிடும் முன் கை கழுவுவதை ஒருவேளைகூட விடாதீர்கள். பெருக்கினால் தூசி எழும்பும், ஈரத்துணியால் துடையுங்கள். அந்த மண்ணில் கீரை போட்டிருந்தால் நிறுத்துங்கள்; இலைகள் காட்மியத்தை எளிதில் ஏற்கும்.

பெரியவர்கள் குளிக்க, துணி துவைக்க இந்த நீரை இப்போதைக்குப் பயன்படுத்தலாம். தோல் அரித்தால் அதையும் நிறுத்துங்கள். ஆய்வு முடிவு வந்ததும் எண்களை அப்படியே எழுதி அனுப்புங்கள்.